சி ஷார்ப் கிளாஸில் டேட்டாபேஸ் ஃபங்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்க்யூஎல் சர்வர் 2005 வந்ததிலிருந்து புரொசீஜரையும் ஃபங்ஷனையும் அந்த சர்வரின் சொந்த மொழியான டி-எஸ்க்யூஎல்லில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சி ஷார்ப் கிளாஸில் ஒரு பப்ளிக் ஸ்டாட்டிக் மெத்தட் எழுதி, அதைக் கம்பைல் செய்து கிடைக்கும் டிஎல்எல் கோப்பை (அசெம்பிளி) டேட்டாபேஸில் ஏற்றி, கிரியேட் ஃபங்ஷன் கட்டளையால் மெத்தடோடு இணைத்தால் போதும். எஸ்க்யூஎல் சிஎல்ஆர் என்று இதற்குப் பெயர். எழுதுவது பழகிய கிளாஸ் என்பதால், ஓடும் இடமும் பழகிய அப்ளிகேஷன்தான் என்று கை நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது ஓடுவது டேட்டாபேஸ் எஞ்சினுக்குள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியில் பிறந்தவை.

முதலில் நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத நிலை. மெத்தடின் உள்ளீட்டை வெறும் இன்ட் என்று அறிவித்துவிட்டு, சோதனைத் தரவில் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். உண்மையான டேபிளில் ஒரே ஒரு வரிசையில் நல் இருந்தாலும் முழு குவெரியும் பிழையோடு நின்றுவிடும். எஸ்க்யூஎல்இன்ட்32, எஸ்க்யூஎல்ஸ்ட்ரிங் போன்ற டைப்புகள் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் ஈஸ்நல் பார்க்காமல் வேல்யூவைத் தொட்டால் அதே கதைதான்.

தசம எண்ணில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பிழைச் செய்தியே வராது. கிரியேட் ஃபங்ஷனில் அளவு சொல்லாமல் டெசிமல் என்று மட்டும் எழுதினால், எஸ்க்யூஎல் சர்வர் அதை 18,0 என்று எடுத்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம்கூடக் கிடையாது. 1234.75 ரூபாயை அனுப்பினால் மெத்தடுக்குள் வந்து சேர்வது 1235. சி ஷார்ப் கோடை எத்தனை முறை படித்தாலும் தவறு கண்ணில் படாது, அது இருப்பது அறிவிப்பில். பணக் கணக்கு என்றால் 18,2 என்றோ தேவையான வேறு அளவோ கட்டாயம் எழுதுங்கள்.

சரி, கனெக்‌ஷன். அப்ளிகேஷனில் செய்வது போலவே சர்வர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்து புரொசீஜருக்குள் புதிய கனெக்‌ஷன் திறப்பவர்கள் உண்டு. அது தனி செஷன். அழைத்தவரின் டிரான்ஸாக்‌ஷன் தானாக அதற்குள் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. அழைத்தவர் ஒரு வரிசையைத் திருத்தி, இன்னும் கமிட் செய்யாமல் உங்கள் புரொசீஜரை அழைக்கிறார். நீங்கள் தனி கனெக்‌ஷனில் அதே வரிசையைப் படிக்கப் போகிறீர்கள். லாக் அவரிடம் இருக்கிறது, அவரோ நீங்கள் முடிக்கக் காத்திருக்கிறார். வழக்கமான டெட்லாக் கண்டுபிடிப்புக்கு இது சிக்குவதில்லை, ஏனென்றால் அவருடைய காத்திருப்பு லாக்குக்காக அல்ல. கமாண்ட் டைம்அவுட் வரும் வரை, மாற்றாவிட்டால் 30 விநாடி, இருவரும் அப்படியே நிற்பார்கள். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் கான்டெக்ஸ்ட் கனெக்‌ஷன் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் அழைத்தவரின் செஷனிலேயே, அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வேலை நடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கலாம், அதனால் யூசிங் பிளாக்கில் எழுதி உடனே மூடிவிட வேண்டும். ஃபங்ஷன் டேபிளைப் படிக்கிறது என்றால், டேட்டா ஆக்சஸ் ரீட் என்று ஆட்ரிபியூட்டில் சொல்லவும் மறக்காதீர்கள்.

ஸ்டாட்டிக் மாறிகளில் எதையும் சேமித்து வைக்க வேண்டாம். சேஃப் (மிகக் குறைந்த அனுமதி கொண்ட) அசெம்பிளியில் ஸ்டாட்டிக் ஃபீல்டு ரீட்ஒன்லியாக இருந்தாக வேண்டும் என்பதால், சிலர் ரீட்ஒன்லி டிக்‌ஷனரி ஒன்றை வைத்து அதற்குள் எழுதுகிறார்கள். எல்லா செஷன்களும் அந்த ஒரே டிக்‌ஷனரியைத்தான் தொடுகின்றன. நினைவகம் நெருக்கடியானால் எஞ்சின் அந்தக் கோட் ஓடும் இடமான ஆப்டொமைனையே நினைவகத்திலிருந்து இறக்கிவிடவும் செய்யும்.

ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை வரும் என்று சொல்லும் ஈஸ்டிட்டர்மினிஸ்டிக் என்பதை விளைவு தெரியாமல் ட்ரூ ஆக்குவதும் ஆபத்து. எஞ்சின் உங்கள் வார்த்தையை அப்படியே நம்பும். உள்ளே இன்றைய தேதியைப் படிக்கும் ஃபங்ஷனை அப்படி முத்திரை குத்தி, கணக்கிட்ட நெடுவரிசையில் வைத்து இண்டெக்ஸ் போட்டால், நாளை அந்த இண்டெக்ஸ் பொய் சொல்லும்.

எதை கிளாஸில் எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ரீடரில் வரிசை வரிசையாகப் படித்துக் கூட்டுவது, இரண்டு டேபிளை லூப்பில் பொருத்துவது எல்லாம் டி-எஸ்க்யூஎல்லின் வேலை. ரெகுலர் எக்ஸ்பிரஷன், சிக்கலான எழுத்துச்சரப் பிரிப்பு, கனமான கணக்கு ஆகியவற்றில்தான் சிஎல்ஆர் பலன் தரும்.

அப்புறம் பாதுகாப்பு. 2017 பதிப்பிலிருந்து சிஎல்ஆர் ஸ்ட்ரிக்ட் செக்யூரிட்டி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். சேஃப் அசெம்பிளியையும், கட்டுப்பாடு இல்லாத அன்சேஃப் போலவே நடத்தும். ஏற்ற முடியவில்லை என்றதும் பலர் டேட்டாபேஸை முழுதாக நம்பச் சொல்லும் டிரஸ்ட்வொர்த்தி அமைப்பை ஆன் செய்துவிடுகிறார்கள். டேட்டாபேஸின் உரிமையாளர் சர்வரின் தலைமை அட்மின் கணக்கான எஸ்ஏ என்றால், அதில் டிபி ஓனர் உரிமை உள்ளவர் சர்வர் முழுவதற்கும் அட்மின் ஆகிவிட இது வழி திறக்கும். அசெம்பிளிக்குச் சான்றிதழால் கையொப்பம் இடுவதே முறையான வழி.

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஷ்யூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சிஎல்ஆர் கிடையாது, அஷ்யூரின் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸில் உண்டு. லினக்ஸில் சேஃப் அசெம்பிளி மட்டும்தான் ஓடும். டேட்டாபேஸை வேறு இடத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், முதல் கிளாஸை எழுதும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.