காக்டெயிலுக்குக் கூண்டு வாங்கும்போது: இன்ச் டேப், இரண்டு பென்சில், ஒரு காந்தம்

சென்னையில் காக்டெயில் (cockatiel) என்னும் கொண்டை வைத்த சிறு கிளியை வாங்குகிறவர்கள் பறவையை ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூண்டு மட்டும் கிளம்பும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. கடைக்காரரும் லவ்பேர்ட்ஸுக்கு வைத்திருக்கும் கூண்டையே எடுத்துக் கொடுத்துவிடுவார். அதற்குள் காக்டெயில் திரும்பும்போதெல்லாம் வால் கம்பியில் உரசும். கொஞ்ச நாளில் வால் நுனி பிய்ந்து பழைய துடைப்பம் போல் ஆகிவிடும்.

வளர்ந்த காக்டெயில் தலை முதல் வால் நுனி வரை 12 முதல் 13 இன்ச் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி வால். தலையில் கொண்டை வேறு. ஒரு பறவைக்கு 24 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம், 24 இன்ச் உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. ஜோடி என்றால் நீளம் 36 இன்ச்சாவது வேண்டும். காசு கூடுதலாகப் போடுவதாக இருந்தால் உயரத்தில் போடாமல் நீளத்தில் போடுங்கள். பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கூண்டில் மேல் பாதியை மட்டும் பயன்படுத்தும். வட்டக் கூண்டு வேண்டாம். பயந்தால் ஒதுங்க அதில் மூலை இருக்காது. மேலே கம்பிகள் ஒன்றுகூடும் இடத்தில் இடைவெளி குறுகிக்கொண்டே போவதால் விரலும் சிக்கும்.

கம்பி இடைவெளி அரை இன்ச் முதல் அரையே அரைக்கால் இன்ச் வரை, அதாவது 12 முதல் 16 மில்லிமீட்டர், இருக்கலாம். கடையில் இதை அளக்கச் சுலபமான வழி உண்டு. சாதாரண பென்சில் இரண்டைச் சேர்த்துப் பிடித்துக் கம்பிகளுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். அவை சரியாகப் போனால் போதும். மூன்றாவது பென்சிலும் நுழைந்தால் அந்தக் கூண்டை விட்டுவிடுங்கள். தலை வெளியே போய் மாட்டிக்கொள்ளும். காக்டெயில் அலகால் பிடித்து ஏறுகிற பறவை என்பதால் இரண்டு பக்கச் சுவர்களிலாவது கம்பி படுக்கைவாட்டில் இருப்பது நல்லது.

அதிகம் ஏமாறுவது உலோகத்தில்தான். ஜிஐ கம்பியில் பூசப்பட்டிருப்பது துத்தநாகம். காக்டெயில் நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும். பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் விஷம். நிறையத் தண்ணீர் குடிப்பது, எச்சம் தண்ணீராகப் போவது, கக்குவது, சோர்ந்து உப்பி உட்காருவது எல்லாம் அதன் அறிகுறிகள். கண்டதும் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். துத்தநாகம் பூசிய வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கிக் கூண்டு செய்யச் சொல்கிறவர்கள், மெஷ்ஷில் வெள்ளைக் கட்டிகளும் ஊசி போன்ற பிசிறுகளும் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் கலந்து கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். இதனால் ஆபத்து குறையுமே தவிர ஒழியாது.

பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைத்த பூச்சு) கூண்டு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஆனால் பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் கடற்காற்று படும் பால்கனியில் வெல்டிங் மூட்டுகளில்தான் முதலில் துரு கிளம்பும், அங்கிருந்து பெயிண்ட் செதிலாக உரியும். எனவே வாங்கும்போதே மூட்டுகளை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடலோர வீட்டுக்கு 304 தர எவர்சில்வர் கூண்டு வாங்க முடிந்தால் அதுதான் நிலைக்கும். எவர்சில்வர் என்று சொல்லி விற்றால் காந்தத்தை வையுங்கள். 304 தரத்தில் ஒட்டாது, அல்லது மிக லேசாக இழுக்கும். பட்டென்று ஒட்டிக்கொண்டால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

பிராட்வே பறவைச் சந்தையிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால், மேலே யாராவது கையால் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதை வாங்க வேண்டாம். மற்றதை எடுத்துவந்தால் மரக்கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். வாடை முழுதும் போகும் வரை பறவையை உள்ளே விடக் கூடாது.

கதவு பக்கவாட்டில் திறப்பதாக இருக்கட்டும். மேலே தூக்கித் திறக்கும் கதவைக் காக்டெயில் அலகால் நெம்பித் தலையை விடும். கதவு கழுத்தில் விழும். அப்படிப்பட்ட கதவுதான் கிடைத்தது என்றால் ஒவ்வொன்றுக்கும் சாவிக்கொத்துக் கொக்கி மாட்டுங்கள். பெரிய கதவு உள்ளங்கையில் பறவையோடு கை வெளியே வரும் அளவு இருக்க வேண்டும். அடித்தட்டை இழுத்தால் அந்த இடைவெளி வழியாகப் பறவை தப்பிக்குமா என்றும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். காக்டெயில் உடம்பிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருக்கும், தட்டைத் தினமும் வெளியே எடுத்தாக வேண்டும்.

கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிடுங்கள். ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் வரை வெவ்வேறு தடிமனில் மூன்று கொய்யாக் கிளை அல்லது வேப்பங்கிளை போதும். மருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். அரளி பக்கமே போகாதீர்கள். வால் கம்பியில் படாதபடி பின்சுவரிலிருந்து ஏழு இன்ச்சாவது தள்ளிக் கட்டுங்கள். தீனிக் கிண்ணத்துக்கு நேர் மேலே குச்சி இருந்தால் தினையும் கம்பும் எச்சத்தில்தான் கிடக்கும். பறவை கொத்தித் தின்னக் கூண்டில் மாட்டும் கணவாய் ஓட்டுக்குப் பறவைக் கடைதான் என்றில்லை, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும்.

கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. காலியாகச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். கொசுவுக்கு, பறவைக்கு எட்டாதபடி சற்றுத் தள்ளிக் கொசுவலையைச் சுற்றுவதே சரி. அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்கு அடியிலும் மேற்கு வெயில் விழும் பால்கனியிலும் வைக்காதீர்கள். அலகைத் திறந்து மூச்சிரைத்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள். ஹாலில் சுவரோரம், நம் கண்மட்டத்தில், காற்றாடிக்கு நேர் கீழே இல்லாமல் இருப்பது நல்ல இடம்.

இருட்டில் பல்லி ஓடினாலே காக்டெயில் மிரண்டு கூண்டுக்குள் மோதும். சிறகிலிருந்து ரத்தம் கசியும் அளவுக்கு அடித்துக்கொள்ளும். அதனால் இரவில் மூன்று பக்கம் மட்டும் துணி போட்டு, அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கூண்டை ஜன்னலில்லாத உள்ளறைக்கோ, ஜன்னலை மூடித் திரை போட்ட அறைக்கோ மாற்றிவிடுங்கள். வெடிச் சத்தம் தொடங்கிய பிறகு நகர்த்தினால் இன்னும் மிரளும்.