போஸ்ட்கிரெஸ் சர்வரில் 'எம்டி5' எச்சரிக்கையை நீக்கும் முறை

அண்மையில் எங்கள் சர்வரில் நடந்த பாதுகாப்புச் சோதனையின் அறிக்கையில், தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் இன்னும் எம்டி5 என்ற பழைய முறையில்தான் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது என்ற எச்சரிக்கை இருந்தது. இதற்கு மாற்றான ஸ்க்ராம்-ஷா-256 முறை, 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் அதுவே இயல்பான அமைப்பு. எனினும், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்ட சர்வர்களில் பழைய கடவுச்சொற்கள் எம்டி5 வடிவிலேயே தங்கிவிடுகின்றன.

முதலில், யாருடைய கடவுச்சொல் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். சூப்பர்யூசராக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து, பயனர் விவரங்கள் இருக்கும் 'பிஜி-ஆத்ஐடி' அட்டவணையில் கடவுச்சொல் நெடுவரிசையைப் பார்த்தால், பழையவை 'எம்டி5' என்றும் புதியவை 'ஸ்க்ராம்-ஷா-256' என்றும் தொடங்கும். அடுத்து, கடவுச்சொல் குறியாக்க அமைப்பை ஸ்க்ராமுக்கு மாற்றி, அமைப்புகளை மறுபடி ஏற்றுங்கள். சர்வரை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை.

இனி வரும் படியில்தான் நான் தவறினேன். கடவுச்சொற்களை மாற்றும் முன்பே, யார் எந்த முறையில் நுழையலாம் என்று சொல்லும் 'எச்பிஏ' கோப்பில் எம்டி5 என்றிருந்த வரிகளை ஸ்க்ராம் என்று திருத்திவிட்டேன். காலையில் எல்லாம் சரியாகவே ஓடியது; ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகளை இந்த மாற்றம் தொடுவதில்லை என்பதே அதற்குக் காரணம். பிற்பகலில் செயலி புதிய இணைப்புகளைத் திறக்க முயன்றபோது, கடவுச்சொல் சரியாக இருந்தும் ஒவ்வொன்றாக மறுக்கப்பட்டது. பயனருக்குச் செல்லுபடியாகும் ஸ்க்ராம் ரகசியம் இல்லை என்ற உண்மையான காரணம் சர்வர் லாகில் மட்டுமே இருந்தது.

எனவே கோப்பை இப்போது தொடாதீர்கள். எம்டி5 என்ற வரி இருக்கும்போதே, ஸ்க்ராம் வடிவில் சேமித்த பயனருக்குச் சர்வர் தானாகவே ஸ்க்ராமைப் பயன்படுத்தும் என்பதால், அவசரமின்றி ஒவ்வொரு பயனராக மாற்றலாம். சேமித்த எம்டி5 குறியீட்டிலிருந்து கடவுச்சொல்லை மீட்க இயலாது. அதனால் கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தே ஆக வேண்டும். அதே கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் போதும், செயலியின் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதற்கு வரைகலைக் கருவிகளைவிட, போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் உள்ள பின்சாய்கோட்டு 'பாஸ்வேர்ட்' கட்டளையையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். அது கடவுச்சொல்லை நம் பக்கத்திலேயே குறியாக்கி அனுப்புவதால், லாகில் வெளிப்படையாகப் பதிவாவதில்லை.

அட்டவணையில் எம்டி5 என்று தொடங்குவது ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று உறுதியான பின்பு கோப்பைத் திருத்துங்கள். மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே செல்லும் என்பதால், மேலே 'டிரஸ்ட்' என்ற வரி எங்கேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டுவிடும். ஒரு சூப்பர்யூசர் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றுங்கள். பின்னர் புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து சோதியுங்கள். திறந்திருக்கும் பழைய இணைப்பு எதையும் நிரூபிக்காது.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த நண்பர் ஒருவருக்கு ஜாவா செயலி மட்டும் இணையவில்லை. ஜாவா செயலியைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் ஜேடிபிசி இயக்கி 42.2.0 பதிப்பிலிருந்தும், இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் இடைக்கருவியான பிஜிபவுன்சர் 1.11 பதிப்பிலிருந்தும்தான் ஸ்க்ராமை ஆதரிக்கின்றன. கோப்பைத் திருத்தும் முன்பு மட்டுமல்ல, முதல் கடவுச்சொல்லை மாற்றும் முன்பே இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகல் சர்வர் இருந்தால் அதன் எச்பிஏ கோப்பு தனி. அங்கும் அதே வரிகளைத் திருத்த வேண்டும்.