பழைய பிக்கப் நினைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறதா? கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்போதுமே ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, சரக்கை ஏற்றி முடித்த நேரத்தில் அடம்பிடித்து, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிற வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். பதினைந்து, இருபது வருடம் ஓடிய பிக்கப்புகளில் இது சாதாரணம். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் சறுக்குவதைப் பார்க்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடங்கள்தான். டேங்க் காலி, டெர்மினல் லூஸ் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்தத்தைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவது

“ஸ்டார்ட் ஆகலை” என்று வண்டிக்காரர் சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்து இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள், இக்னிஷன், சென்சார் பக்கம் போங்கள். இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், சாவி சுவிட்ச் பக்கம்.

சுற்றாத வண்டியிலும் சத்தம் பேசும். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது கனெக்‌ஷன் மோசம். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றுவிட்டால் சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை, அல்லது மோட்டாரே மோசம். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் சோலனாய்டுக்கு உத்தரவே போகவில்லை: சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆனால், கியர் பக்கம் இருக்கும் சுவிட்ச் மேல்தான் முதல் சந்தேகம்.

சும்மா நிற்கும் பேட்டரியை அளந்து திருப்தி அடைவது

12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பேட்டரி சுமை தாங்குமா என்பது செல்ஃப் அடிக்கும்போதுதான் தெரியும். சாதாரண வெப்பநிலையில் அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

அளக்காமல் செல்ஃப் மோட்டாரை மாற்றுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு. காசும் இதில்தான் அதிகம் போகிறது.

ஒரு பழைய டீசல் பிக்கப் என்னிடம் வந்தது. அதற்கு முன்பே வேறிடத்தில் புதுப் பேட்டரி போட்டு, செல்ஃபை மாற்றி, அதுவும் சரியில்லை என்று இன்னொரு செல்ஃபையும் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரம் வண்டி நன்றாக ஓடியிருக்கிறது, அப்புறம் பழைய கதை. இடையில் ஆக்சிலரேட்டர் கேபிள் உறை உருகி இறுகிப்போனதால் அதையும் மாற்றியிருக்கிறார்கள். அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்ததே அந்தக் கேபிள்தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் கேபிள் கெட்டிருந்தால், செல்ஃப் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாயும். அவ்வளவு கரண்டை அது தாங்காது, சூடேறி உருகும்.

எர்த் கேபிளின் லக் (நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) ஓரத்தில் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்துகிடந்தன. வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

அப்படியானால் செல்ஃப் மாற்றிய போதெல்லாம் வண்டி ஏன் சரியானது? செல்ஃபைக் கழற்ற வேண்டுமென்றால் பேட்டரி எர்த்தைக் கழற்றுவோம், மாட்டும்போது இறுக்குவோம், கேபிள் வளையும், நகரும். மிச்சமிருக்கும் இழைகள் கொஞ்ச நாளைக்கு ஒழுங்காகத் தொட்டுக்கொள்ளும். பேர் புது செல்ஃபுக்குப் போய்விடும். விட்டுவிட்டு வரும் கோளாறில் கை வைப்பதே தற்காலிக வைத்தியம். அதனால்தான் எதையும் கழற்றுவதற்கு முன்பு, டெர்மினலைத் துடைப்பதற்கும் முன்பு, கோளாறு வெளிப்படும் நேரத்திலேயே அளக்கச் சொல்கிறேன்.

கேபிளை ஓம்ஸில் வைத்துப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவர்களும் உண்டு. ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ அடிக்கும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தால்கூட 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. பிறகு அது எப்படி இதைக் காட்டும்?

சரி, எப்படி அளப்பது? மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும்படி, பெட்ரோல் வண்டியில் பம்ப் ஃபியூஸை எடுங்கள். பழைய டீசல் வண்டியில் பம்பில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலனாய்டின் வயரைக் கழற்றுங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வேண்டாம். மறுமுனை இன்ஜினில் சுத்தமான இரும்பில். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில்தான் கோளாறு. அதேபோல பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கரண்ட் ஓடாத நேரத்தில் கெட்ட கேபிளும் சுழியம்தான் காட்டும். ஆகவே ‘டக்’ என்று நின்றுபோகும் அந்தக் கணத்தில் எடுக்கிற அளவுக்குத்தான் மதிப்பு.

கடைசியாக, சோலனாய்டுக்கு வரும் மெல்லிய வயர். சாவி திருப்பியிருக்கும்போது அங்கே வோல்ட் மிகக் குறைவாக வந்தால் செல்ஃபைத் தொடாதீர்கள், சாவி சுவிட்சையும் ரிலேயையும் நோக்கிப் பின்னால் போங்கள். இரண்டு கேபிளும் நலம், இந்த வயரிலும் வோல்ட் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் செல்ஃபைத் தாராளமாகக் கழற்றலாம்.

செல்ஃபைத் தட்டித் தட்டியே ஓட்டுவது

தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் அல்லது சோலனாய்டு காண்டாக்ட் தேய்ந்திருக்கும். கழற்றிப் பாருங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது

சாவியை விட்டுவிட்டு சோலனாய்டின் டெர்மினல்களை நேரடியாக இணைக்கும்போது கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேல் ஏறும். வேண்டாம்.

சூட்டில் வரும் கோளாறை ஆறிய வண்டியில் தேடுவது

ஓடி நிறுத்திய பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகாது, ஆறியதும் ஆகிவிடும் என்றால், ஆறிய வண்டியில் எந்த மீட்டரும் எதையும் சொல்லாது. இன்ஜின் சுற்றியும் பிடிக்காத பெட்ரோல் வண்டியாக இருந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் சென்சார்) மேல் சந்தேகம் வையுங்கள். அதன் உள்சுருள் சூட்டில் அறுந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். வண்டியைச் சூடாக்கி, கோளாறை வரவழைத்து, அதே நிமிடத்தில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பம்ப் ரிலேயின் சால்டரில் விரிசல் இருந்தாலும் இதே குணம் காட்டும்.

டீசலில் காலைத் தகராறு என்றாலே ஹீட்டர் பிளக் என்று முடிவுகட்டுவது

ராத்திரி முழுக்க நின்ற டீசல் வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிப் பிடித்து, அப்புறம் நாள் முழுக்க உடனே பிடித்தால் ஹீட்டர் பிளக் (குளிர்ந்த இன்ஜினில் எரியறையைச் சூடாக்கும் பிளக்) காரணமாக இருக்கலாம். ஆனால் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகும். பிளக் செட்டை வாங்குவதற்கு முன், ஸ்டார்ட் செய்யும்முன், டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதென்றால், காற்றுதான். பம்புக்கு வரும் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். பழைய வண்டியில் பெரும்பாலும் வெடித்துப்போன ரப்பர் குழாயிலோ ஃபில்டர் வாஷரிலோ போய் நிற்பீர்கள்.