ஒரே தோல் துண்டில் ஒரு கௌபாய் துப்பாக்கி உறை

1966இல் வெளிவந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் டூக்கோ என்ற கொள்ளையனுக்குத் துப்பாக்கி உறையே கிடையாது. ரிவால்வரைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறான். ஆனால் படம் முடிந்த பிறகு பலருடைய கண்ணிலும் நிற்பது கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் இடுப்பில் தொங்கும் தோல் உறையும் தோட்டாக்கள் செருகிய பெல்ட்டும்தான். அந்தத் தோற்றத்தை மனத்தில் வைத்து, தோல் வேலையை முதன்முறையாகத் தொடுபவரும் செய்யக்கூடிய ஓர் உறையை இங்கே விளக்குகிறேன். சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதன் வடிவம் ஏற்கெனவே பழக்கமானதாகவே இருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மர மாதிரிக்கோ விளையாட்டுத் துப்பாக்கிக்கோ ஆன உறை. மேடை நாடகம், வேடமணிதல், அலமாரியில் காட்சிக்கு வைத்தல் ஆகியவற்றுக்குப் போதும். உண்மையான ஆயுதத்துக்கான உறை வேறு பாதுகாப்புக் கணக்குகளைக் கேட்கும். அதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

எந்த வடிவம்?

தொடை வரை தாழ்ந்து தொங்கும் உறை, அகலமான பெல்ட்டில் சாய்வாக வெட்டிய துளை, கண் இமைப்பதற்குள் துப்பாக்கியை உருவும் நாயகன்: இவையெல்லாம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தயாரிப்புகள். ‘பஸ்கடேரோ’ எனப்படும் அந்த வகை 1920களில் உருவாகி, ஹாலிவுட்டின் கைக்கு வந்து புகழ்பெற்றது. வேகத்துக்காகத் தோல் அடுக்குகளுக்கு நடுவே உலோகத் தகடு வைக்கும் பழக்கம் 1950களில் வந்தது. புதியவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

அசல் அமெரிக்க மேற்கில், 1870களிலிருந்து பரவலாக இருந்தது ‘மெக்சிகன் லூப்’ என்ற வகை. ஒரே தோல் துண்டு. அதன் ஒரு பகுதி மடிந்து துப்பாக்கிப் பையாகிறது. பையின் முதுகிலிருந்து நீளும் இன்னொரு பகுதி பின்பக்கமாக மடிந்து கீழே இறங்குகிறது. அந்தப் பின்மடலில் கிடைக்கோடாகக் கீறல்கள் போட்டு, அவற்றுக்கு இடையே உருவாகும் பட்டைகளுக்குள் பையை நுழைத்துவிடுவார்கள். மேல் மடிப்புக்குள் பெல்ட் ஓடும். ஆணி, கொக்கி எதுவும் வேண்டாம். தைக்க வேண்டியது ஒரே ஒரு ஓரம். இவ்வளவு குறைந்த வேலையில் இவ்வளவு உறுதி தரும் வடிவத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆகவே நாம் செய்யப்போவது இதுதான். படத்தில் வந்த உறையின் அச்சு நகல் அல்ல என்று கறாரான ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்ளலாம். கதை நடப்பதோ 1862இல். பெல்ட்டில் இருப்பதோ உலோகக் கூடு கொண்ட தோட்டாக்கள். அவற்றுக்கேற்ப மாற்றிய கோல்ட் நிறுவன ரிவால்வர்கள் 1870களில்தான் புழக்கத்துக்கு வந்தன. இயக்குநர் செர்ஜியோ லியோனியே கவலைப்படாத விஷயத்துக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

தோல் வாங்குவது

இங்கே கஞ்சத்தனம் கூடாது. உங்களுக்குத் தேவை மரப்பட்டை போன்ற தாவரச் சாறுகளால் பதனிட்ட மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல். தடிமன் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். தோல் வணிகத்தில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 0.4 மில்லிமீட்டர்; ஆக, 8 அவுன்ஸ் என்று கேட்டால் சரியாக இருக்கும். கைப்பை, சட்டை தைக்கும், குரோமிய உப்பால் பதனிட்ட மெல்லிய குரோம் தோல் இதற்கு உதவாது. அது நனைத்தாலும் வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, தொய்ந்துவிடும்.

இரண்டையும் கடையிலேயே வேறுபடுத்திவிடலாம். விரலை நனைத்து மேற்பரப்பில் ஒரு சொட்டு வையுங்கள். சாயமோ பூச்சோ ஏறாத தாவரத் தோல் என்றால் நீர் சட்டென உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருக்கும். பிறகு வெட்டிய விளிம்பைப் பாருங்கள். குரோம் தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். தாவரத் தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது எட்டாத பொருள் அல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட சென்னைத் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. இன்றும் சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் விசாரிக்கலாம். பெல்ட்டுக்கோ சேணத்துக்கோ ஆன தடித்த தோல் என்று சொன்னால் எளிதில் புரிந்துகொள்வார்கள். முதுகுப் பகுதியிலிருந்து வெட்டியதைக் கேளுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும். ஐந்தரை அங்குலக் குழல் கொண்ட மாதிரி ரிவால்வருக்கு 30 × 55 சென்டிமீட்டர் துண்டு போதுமானது.

கருவிகள் என்று பார்த்தால் கூரான கத்தி, இரும்பு ஸ்கேல், குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு தையல் ஊசிகள், மெழுகிட்ட 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் நூல், ரப்பர் பசை, மரச்சுத்தி, வட்டத் துளை போடும் குழாய் உளி, மணல்தாள், தேன்மெழுகு. விளிம்பைச் சீவும் சிறு கருவியும் தையலுக்குப் பள்ளம் கீறும் கருவியும் இருந்தால் வேலை அழகாக வரும். அலங்கார முத்திரைகளை இப்போது வாங்காதீர்கள்.

அட்டையில் தொடங்குங்கள்

தோலில் கத்தி வைக்கும் முன் முழு உறையையும் அட்டையில் செய்து பார்த்துவிட வேண்டும். என் கணக்கில் இந்த வேலையின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

தடித்த சார்ட் அட்டையின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் பையின் மடிப்பு. மாதிரித் துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குறிபார்க்க உதவும் முள் இருக்கும் மேல் விளிம்பு மடிப்புக் கோட்டை ஒட்டி, 3 மில்லிமீட்டர் மட்டும் விலகி இருக்கட்டும். விசைக்காப்பு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையம், இருக்கும் பக்கத்தைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள்.

அடுத்தது தையல் கோடு. ஒவ்வோர் இடத்திலும் துப்பாக்கியின் தடிமனில் பாதி, அதோடு தோலின் தடிமன்: இவ்வளவு தூரம் பென்சில் கோட்டிலிருந்து வெளியே தள்ளிக் குறிக்க வேண்டும். தோட்டா உருளை 40 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 20 + 3 = 23 மில்லிமீட்டர். குழல் மெலிதாக இருப்பதால் கீழே போகப் போக இந்த இடைவெளி குறையும். தையல் கோட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டு விளிம்பை வரையுங்கள். வாய்ப்பகுதியில் விசைக்காப்பை ஒட்டி உள்ளே வளைந்து வரும் ‘எஸ்’ வளைவைத் தாராளமாகக் கொடுங்கள். பழைய உறைகளின் அழகு அந்த வளைவில்தான் இருக்கிறது.

இப்போது அட்டையை மடித்து மறுபாதியையும் வெட்டுங்கள். உடலை ஒட்டி வரும் பாதியின் மேல் பக்கம் மட்டும் தொடர்ந்து நீண்டு பின்மடலாக விரிய வேண்டும். மேல் மடிப்பிலிருந்து முதல் பட்டை வரையுள்ள இடைவெளி பெல்ட்டின் அகலத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதல். மடலின் அகலம் பையைவிட இருபுறமும் இரண்டு சென்டிமீட்டராவது அதிகம். அதன் நீளம் பையின் நுனிக்குச் சற்று மேலே முடியலாம்.

வலது கைக்காரர்களுக்கு ஒரு சரிபார்ப்பு: தோலின் வழவழப்பான பக்கம் உங்களைப் பார்க்கும்படி விரித்து வைத்தால், பையின் வெளிமுகம் இடதுபுறமும், மடலோடு சேர்ந்த பாதி வலதுபுறமும் இருக்க வேண்டும். அட்டையைத் தோலின் சொரசொரப்பான சதைப் பக்கத்தில் வைத்து வரைந்தால் எல்லாம் தலைகீழாகி, இடது கைக்கான உறை கிடைக்கும். ஆகவே வழவழப்பான பக்கத்திலேயே, குத்தூசியின் முனையால் லேசாகக் கீறி வரையுங்கள். பேனா வேண்டாம், மை போகாது.

வெட்டுவதும் விளிம்பும்

கத்தியை ஒரே மூச்சில் அழுத்தி வெட்ட முயலாதீர்கள். முதல் இழுப்பு வழி காட்ட. இரண்டாவதும் மூன்றாவதும் அறுக்க. வளைவுகளில் கத்தியை அசைக்காமல் தோலைத் திருப்புங்கள்.

மடலின் கீறல்களை இப்போதே முழு நீளத்துக்கு வெட்ட வேண்டாம். ஒவ்வொரு கீறலின் இரு முனைகளுக்கும் குறியிட்டு, முதலில் முனைகளில் 5 மில்லிமீட்டர் வட்டத் துளை போடுங்கள்; பிறகு அந்தத் துளைகளுக்கு இடையே வெட்டுங்கள். வெறும் கத்தி வெட்டாக விட்டால் அங்கேயிருந்துதான் பின்னாளில் கிழியத் தொடங்கும். குறியிட்ட நீளம் பையின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். பை நுழைய மறுத்தால் பிறகு கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். தளர்ந்த பட்டையை இறுக்க வழியே கிடையாது. இரண்டு பட்டைகள் போதும்.

பையின் வாய் விளிம்பையும் கீறல்களின் உள் விளிம்புகளையும் தைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு கை போகாது. விளிம்பின் மேல் கீழ் முனைகளைச் சீவி, மணல்தாளால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, வழவழப்பான மரத்துண்டால் வேகமாகத் தேயுங்கள். சிறிது நேரத்தில் நார்கள் படிந்து விளிம்பு கண்ணாடிபோல் மினுங்கும். மேலே தேன்மெழுகு தடவி இன்னொரு முறை தேயுங்கள்.

சாயம் போட வேண்டுமானால் இதுவே தருணம். என்னைக் கேட்டால் சாயமே வேண்டாம். தாவரத் தோலை ஓரிரு நாள் வெயில் படும் இடத்தில் வைத்து, பின் எண்ணெய் தடவினால் தானாகவே தேன் பழுப்புக்கு வரும்.

தையல்

பையின் இரு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மெல்லிய தோல் பட்டி ஒன்றை வைக்க வேண்டும். துப்பாக்கியின் உலோகமோ மரமோ நூலை நேரடியாக உராயாமல் காப்பது இதுதான். இரு பக்கமும் ரப்பர் பசை தடவி, பசை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் சேர்த்து, மரச்சுத்தியால் தட்டுங்கள். மூன்று அடுக்குகளும் சமமாகும்வரை விளிம்பை மணல்தாளால் தேயுங்கள்.

விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டரில் தையல் பள்ளம் கீறி, அதில் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். குத்தூசியைச் செங்குத்தாகப் பிடித்துத் துளையிடுங்கள். சாய்ந்தால் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் கோணலாகவும் வரும்.

தைப்பது சேணத் தையல் முறையில். தையல் நீளத்தைப்போல் ஆறேழு மடங்கு நூலோடு, பிடிப்பதற்குக் கொஞ்சம் சேர்த்து எடுத்து, இரு முனைகளிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் நூலை நடுவாக இழுத்து வையுங்கள். அடுத்த துளையில் வலது ஊசியை உள்ளே விட்டு இழுங்கள். அதே துளையில் இடது ஊசியை எதிர்ப்புறமிருந்து விடுங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவு இறுக்குங்கள். இடது ஊசி போகும்போது ஏற்கெனவே துளையில் இருக்கும் நூலைக் குத்திவிடக் கூடாது. அந்த நூலைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி முதலில் என்ற வரிசையைக் கடைசி வரை மாற்றாதீர்கள். மாற்றினால் தையலின் சாய்வு நடுவழியில் திரும்பிவிடும். கடைசியில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள், முடிச்சு தேவையில்லை. இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் பிரியத் தொடங்கும். இதில் ஒரு நூல் போனாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும்.

நனைத்து வடிவம் கொடுத்தல்

மாதிரித் துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். உறையை வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து, மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மறைந்து நிறம் லேசாக வெளுக்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. அதுதான் பதம்.

துப்பாக்கியை உள்ளே விட்டு, விரல்களால் உருளையின் இரு பக்கமும் குழலின் நீளத்திலும் அழுத்தி வாருங்கள். நகம் பட்டால் தடம் நிரந்தரமாகிவிடும் என்பதால் முன்கூட்டியே நகம் வெட்டிக்கொள்வது நல்லது. இக்கால உறைகளைப்போல் ஒவ்வொரு திருகாணியும் தெரியும்படி அழுத்த வேண்டாம். மேற்கத்திய உறைக்கு உருவம் மங்கலாகத் தெரிந்தால்தான் பொருத்தம்.

ஈரம் இருக்கும்போதே பின்மடலை மடித்துவிடுங்கள். வழவழப்பான பக்கம் மடிப்புக்கு உள்ளே வரும். மடிப்பைச் சுத்தியால் தட்டிக் கூராக்காதீர்கள். பெல்ட் தடிமனுள்ள மரத்துண்டை உள்ளே வைத்து உருண்டையாக விடுங்கள். பையைக் கீழிருந்து இரு பட்டைகளுக்குள்ளும் நுழையுங்கள். சண்டை பிடித்துத்தான் போகும், போகட்டும். அந்த இறுக்கம்தான் பையை மடலோடு பிடித்து நிறுத்துகிறது.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். வெயிலோ முடி உலர்த்தியோ ஈரத் தோலை விறைத்து வெடிக்க வைக்கும். ஒரு நாள் ஆகும். கடலோர ஊர்களில் மழைக்காலம் என்றால் இரண்டு நாள் கொடுங்கள். பாதி காய்ந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

எண்ணெய், வார்

முழுவதும் காய்ந்த பிறகு, சேணத்துக்குப் பூசும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். ஓர் இரவு விட்டு, இன்னும் வறண்டு தெரிந்தால் மட்டும் மறுபூச்சு. எண்ணெய் மிகுந்தால் நனைத்துக் கொடுத்த வடிவம் தளர்ந்துவிடும்.

துப்பாக்கி நழுவாமலிருக்க, முதல் பட்டையின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு மெல்லிய தோல் வார் ஒன்றைக் கோத்து, துப்பாக்கியின் பின்புறம் உள்ள சுத்தியலின் மேல் மாட்டும் வளையமாக முடிச்சிடுங்கள். பெல்ட்டுக்கு இரண்டரை அங்குல அகல வார் போதும். தோட்டா வளையங்கள் வேண்டுமென்றால் பெல்ட்டில் ஜோடி ஜோடியாகக் கீறல் போட்டு, ஒரு நீண்ட மெல்லிய வாரை உள்ளும் வெளியுமாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். வளையத்தின் அளவுக்குப் போலித் தோட்டாவின் தடிமனுள்ள மரக்குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். போலித் தோட்டாக்களைப் பித்தளை மினுக்கோடு விடாமல் கொஞ்சம் மங்கவைத்துச் செருகினால், படத்தின் புழுதி படிந்த தோற்றத்துக்கு இன்னும் நெருங்கிவரும்.