வெட்டிய மாமரத்துக்குத் தார் பூசினேன்: என் அனுபவம்

மின்கம்பியில் உரசுகிறது என்று எங்கள் வீட்டு மாமரத்தின் உச்சியை மொட்டையாக வெட்டிவிட்டுப் போனார்கள். மனசு கேட்காமல், வெட்டிய இடம் எல்லாவற்றிலும் தார் பூசினேன். இரண்டு மழைக்காலம் கழித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தார் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது, மரம் குழைந்த சோறாகக் கிடந்தது.

நம் தோல் ஆறுவது போல் மரம் ஆறுவதில்லை. காயத்தை உள்ளேயே சுவர் கட்டி அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக மரக்கட்டையை வளர்க்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. தார் அந்தச் சுவருக்கு உதவாது; ஈரத்தைத்தான் உள்ளே பூட்டுகிறது.

சரி என்று, மழையில்லாத நாளில் அழுகலைத் தாண்டி, நல்ல பக்கக்கிளை பிரியும் இடம் வரை இறக்கி, தண்ணீர் நிற்காதபடி சாய்வாக வெட்டினேன். கிளையடியில் வளையமாகப் புடைத்த பட்டையைத் தொடவில்லை. வெட்டுவாயில் எதுவும் பூசவில்லை. திடீரென்று வெயில் பட்ட தண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். கொத்தாக வந்த துளிர்களில் பலமான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளினேன். இப்போது வெட்டின் ஓரத்தில் புதுப்பட்டை உதடு போல உருண்டு வருகிறது.