‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவதற்கு முன்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆய்வுக்கட்டுரைகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வந்துசேரும். வார்டு வேலை முடிந்து, பிள்ளைகளை ரியூஷனில் இருந்து ஏற்றி வந்து, சாப்பிட்டு எழும்பிய பிறகு வைத்தியர்கள் லப்டொப்போடு வருவார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தைச் செப்பனிடுவது, அட்டவணையில் எண்கள் கூடுகின்றனவா என்று பார்ப்பது, சஞ்சிகை கேட்கும் படிவங்களை நிரப்ப உதவுவது, இவைதான் என் வேலை. ஆய்வுக்கு இரண்டு வருடம் கொடுத்தவர்கள் கடைசிப் படிவத்துக்கு இரண்டு நிமிடம் கொடுக்க மாட்டார்கள். ‘நலன் முரண் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி வந்ததும் எல்லோர் விரலும் ஒரே பதிலைத்தான் தட்டும்: ஒன்றுமில்லை.

சென்ற வருடம் வந்த ஒரு தம்பியும் அப்படித்தான் தட்டினார். நீரிழிவு மாத்திரை ஒன்றைப் பற்றிய கட்டுரை. அந்தக் கம்பனியோடு ஏதும் தொடர்பு உண்டா என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. பாங்கொக் மாநாட்டுக்கு டிக்கெட்டும் ஹொட்டலும் போட்டுத் தந்தவை, அவ்வளவுதான். கையில காசு ஒண்டும் வாங்கேல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. கையில் வாங்கினால்தான் கணக்கு என்று மனதார நம்பினார். சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஆசிரியர் குழு தயாரித்த படிவத்தில் 13 கேள்விகள் இருக்கின்றன. அதில் 7ஆவது, கூட்டங்களுக்கும் பயணத்துக்கும் கிடைத்த உதவியைப் பற்றியது. டிக்கெட்டுக்கென்றே ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று காட்டியதும் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. சரி, அவரிடம் பிறகு வருவோம்.

குற்றப்பத்திரிகை என்று நினைப்பது

முகம் சுருங்குவதுதான் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பாதிக்கும் அதுவே தாய். ‘நலன் முரண்’ என்றாலே ‘நீ கள்ளனா?’ என்று கேட்கிறார்கள் என்ற நினைப்பு. எங்கள் ஊரில் இதை விளக்குவதற்குக் கிரிக்கெட்டை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. முன்பு டெஸ்ட் ஆட்டங்களில் போட்டியை நடத்தும் நாட்டவர்களே நடுவர்களாக நிற்பார்கள். 1994இல் ஒருவராவது வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்றார்கள், 2002இல் இருவரும் அப்படித்தான் என்றார்கள். அதற்காக அதுவரை நின்ற நடுவர்கள் எல்லோரும் களவாக விரல் தூக்கினார்கள் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்.பி.டபிள்யூ. கேட்டு மைதானமே கத்தும்போது அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பிரச்சினை அந்த இடத்தில் இருக்கிறது.

நலன் முரணும் அப்படி ஓர் இடம். நோயாளியின் நன்மை, ஆய்வின் உண்மை என்பவை ஒரு பக்கம். பணம், பதவி, நட்பு, பெயர் மறுபக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சந்தித்தாலே முரண் உண்டாகிவிடுகிறது. அவர் தவறு செய்தாரா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்வி. படிவம் அந்த அடுத்த கேள்வியைக் கேட்பதே இல்லை.

‘என்னை ஒரு பேனையால் வாங்க முடியுமா?’

முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சி வைத்தியர்களிடம் மருந்துக் கம்பனிகளின் விளம்பரமும் பரிசும் நீங்கள் எழுதும் மருந்தை மாற்றுமா என்று கேட்டார்கள். தன்னை மாற்றாது என்றவர்கள் 61 சதவீதம். மற்ற வைத்தியர்களும் அப்படி மாறமாட்டார்கள் என்று நம்பியவர்கள் 16 சதவீதம் மட்டுமே. நான் சுத்தம், பக்கத்து வார்டுக்காரரைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்!

அதற்கும் முன்பே, 1992இல், கம்பனிச் செலவில் உல்லாச விடுதிகளில் நடந்த கருத்தரங்குகளுக்குப் போய்வந்த 20 வைத்தியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. போவதற்கு முன் கேட்டபோது, பயணம் தங்களை மாற்றாது என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வந்த பிறகு அந்த மருந்துகளின் பாவனை அவர்களுடைய வைத்தியசாலையில் கணிசமாக ஏறியிருந்தது. ஆகவே ‘அது என்னைப் பாதிக்கவில்லை, அதனால் எழுதவில்லை’ என்பது ஏற்கக்கூடிய காரணம் ஆகாது. அதைச் சொல்லத் தகுதி மிகக் குறைந்த ஆள் நாம்தான்.

காசை மட்டும் தேடுவது

இங்கே கொழும்புக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டு மருந்துகள் உள்ளூர் முகவர்கள் வழியாகத்தான் இங்கே வருகின்றன. மாநாட்டுக் கட்டணத்தைக் கட்டியவர் முகவர், மருந்தைச் செய்தவர் எங்கோ இருக்கிறார். ‘தயாரிப்பாளரோடு எனக்குத் தொடர்பில்லை’ என்று எழுதினால் சொல்லளவில் உண்மை, படிப்பவரைப் பொறுத்தவரை பொய். இரண்டு பெயரையும் எழுத வேண்டும்.

டெங்கு ஆய்வுக்கு இலவசமாக வந்த பரிசோதனைக் கிட்டுகள், ‘புள்ளிவிபரத்தை எங்கள் ஆள் பார்த்துத் தருவார்’ என்று கம்பனி செய்துகொடுத்த உதவி, முதல் வரைவை எழுதித் தந்த வெளியாள், இவை எல்லாம் அதே படிவத்தில் கேட்கப்படுகின்றன. பங்குகள், காப்புரிமை, நீதிமன்றத்தில் நிபுணராகச் சொன்ன சாட்சி ஆகியவையும்தான். சங்கங்களில் வகிக்கும் பதவி இன்னொன்று. சம்பளம் இல்லாத பதவியானாலும் எழுத வேண்டும். நிபுணர் சங்கங்களின் வருடாந்த மாநாடுகள் பெரிய ஹொட்டல்களில் நடக்கும்போது வாசலில் யாருடைய பதாகைகள் நிற்கின்றன என்று நாம் பார்க்கிறோம்தானே? அந்த அனுசரணையைத் திரட்டிய பொருளாளர், அதே கம்பனியின் மருந்தைப் பற்றி எழுதும்போது ‘நான் ஒரு சதமும் எடுக்கவில்லை’ என்பார். உண்மைதான். ஆனாலும் அது எழுத வேண்டிய விடயம்.

கால எல்லையிலும் குழப்பம் உண்டு. கட்டுரைக்கு வெளியே உள்ள தொடர்புகளுக்குக் கடந்த 36 மாதங்கள். ஆனால் இந்த ஆய்வுக்கென்றே கிடைத்த உதவிக்கு எல்லையே இல்லை: திட்டம் போட்ட நாளிலிருந்து எல்லாம் கணக்கு. ஐந்து வருடத்துக்கு முன் வந்த ஆய்வு நிதியைப் ‘பழசு’ என்று விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒருவர் எல்லோருக்குமாகக் கையெழுத்துப் போடுவது

இதுதான் எனக்குப் பயம் தரும் தவறு. ஆறு கட்டுரையாளர்கள், ஒருவர் மட்டும் இணையத்தில் பதிவேற்றுகிறார். மற்ற ஐந்து பேருக்கும் ‘இல்லை’ என்று அவரே தட்டிவிடுகிறார். சீனியரிடம் ‘சேர், உங்களுக்குக் கம்பனிக் காசு வந்ததா?’ என்று கேட்பது எப்படி? வாய் வராது. அதனால் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டதன் விலையைப் பார்க்க 1998க்குப் போக வேண்டும். அந்த வருடம் பெப்ரவரியில் லான்செட் சஞ்சிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 12 பிள்ளைகளைப் பற்றியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். தடுப்பூசிக் கம்பனிகளுக்கு எதிராக வழக்குத் தொடுக்கத் தயாரான சட்டத்தரணி தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. அது மட்டுமல்ல, 1997இலேயே சின்னமுத்துத் தடுப்பு மருந்து ஒன்றுக்கு அவர் பெயரில் காப்புரிமை விண்ணப்பமும் போயிருந்தது. கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 2004இல் பத்திரிகையாளர் பிரையன் டீர் பணத் தொடர்பை வெளியே கொண்டுவந்தபோது, இணைக் கட்டுரையாளர்களில் 10 பேர் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். லான்செட் 2010 பெப்ரவரியில் கட்டுரையை மீளப் பெற்றது, மே மாதம் அவருடைய பெயர் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரையிலேயே வேறு மோசடிகளும் இருந்தன, மறைத்த பணம் மட்டும் காரணமில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆறு வருடமாகத் தங்கள் பெயரும் அங்கே நின்றது.

என் யோசனை எளிது. முதல் வரைவை அனுப்பும் அதே மின்னஞ்சலில் எல்லோருக்கும் வெற்றுப் படிவத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். சஞ்சிகை கேட்கிறது என்று பழியைச் சஞ்சிகை மேல் போடலாம். சீனியரும் கோபிக்க மாட்டார்.

‘இது சம்பந்தமில்லாதது’ என்று நாமே தீர்ப்புச் சொல்வது

நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஹோசே பசெல்கா 2018 செப்டெம்பரில் பதவி விலக நேர்ந்தது. பல கம்பனிகளிடமிருந்து வந்த பெருந்தொகைகளைத் தன் கட்டுரைகள் பலவற்றில் குறிப்பிடாமல் விட்டிருந்தார் என்று பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அமெரிக்காவில் கம்பனிகள் வைத்தியர்களுக்குக் கொடுப்பதைப் பொதுத் தளத்தில் 2014 முதல் யாரும் பார்க்கலாம். வாங்கியது குற்றமில்லை, குறிப்பிட்டிருந்தால் பலர் கண்ணில்கூடப் பட்டிருக்காது. சம்பந்தம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது வாசகரும் பதிப்பாசிரியரும். சந்தேகமா, எழுதிவிடுங்கள்.

எழுதிவிட்டால் எல்லாம் சுத்தம் என்று நினைப்பது

எதிர்ப்பக்கத் தவறு இது. எழுதியவுடன் பாவம் கழுவுப்பட்டுவிடாது. 2020 மே 22 அன்று லான்செட்டில் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொவிட்டுக்குக் கொடுப்பது பற்றிய கட்டுரை வந்தது. 671 வைத்தியசாலைகள், 96,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் என்றார்கள். தரவைக் கொடுத்தது சேர்ஜிஸ்பியர் என்ற கம்பனி; அதன் நிறுவுநரே கட்டுரையாளர்களில் ஒருவர், அது வெளிப்படையாகவே எழுதப்பட்டும் இருந்தது. ஆனால் மூலத் தரவைச் சுயாதீனமாகச் சரிபார்க்கக் கம்பனி இடம் கொடுக்கவில்லை. ஜூன் 4ஆம் திகதி, இரண்டு வாரம்கூட ஆகாமல், கட்டுரை மீளப் பெறப்பட்டது. கம்பனிக்காரரின் பெயர் இருக்கிறது என்றால், தரவு யார் கையில் இருக்கிறது, பகுப்பாய்வை யார் செய்தார், வெளியிடாமல் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பவையும் எழுதப்பட வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வின்படி, கம்பனி நிதியில் நடந்த ஆய்வுகள் அனுசரணையாளருக்குச் சாதகமான முடிவைச் சொல்வது மற்ற ஆய்வுகளை விட 1.34 மடங்கு அதிகம். ஆய்வுத் தரத்தை அளக்கும் வழமையான அளவுகோல்களால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. எண்களைத் திருத்தத் தேவையில்லை. போட்டி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து ஒப்பிட்டால் போதும், எதை அளப்பது என்று முன்கூட்டியே சாதகமாகத் தெரிவு செய்தால் போதும். இதற்குத்தான் ஆய்வை ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்யச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதற்கு வெளிநாடு போகவும் வேண்டாம், இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவகம் கொழும்பிலேயே இருக்கிறது.

சஞ்சிகைக்கும் வயிறு உண்டு

கட்டுரையாளரை மட்டும் சந்தேகிப்பதும் சரியில்லை. சஞ்சிகைகளுக்கு விளம்பரப் பணம் வருகிறது. குழந்தைப் பால்மா விளம்பரங்களை இனிப் போடமாட்டோம் என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பி.எம்.ஜே. 2019இல் தான் அறிவித்தது. அவுஸ்திரேலியாவில் மெர்க் என்ற மருந்துக் கம்பனியின் பணத்தில், அனுசரணை என்ற சொல்லே இல்லாமல், மருத்துவ சஞ்சிகை போலவே தோற்றமளித்த வெளியீடு ஒன்றை எல்செவியர் பதிப்பு நிறுவனம் வெளியிட்ட கதை 2009இல் வெளிவந்தது.

இங்கே பணத்தை விட உறவு பெரிய சிக்கல். சிறிய தீவு, ஒரு துறையில் பத்துப் பதினைந்து நிபுணர்கள். வெளியிடும் முன் கருத்துக் கேட்டுச் சஞ்சிகை உங்களுக்கு மீளாய்வுக்கு அனுப்பும் கட்டுரை உங்கள் பழைய மாணவருடையதாக இருக்கும், இல்லாவிட்டால் பதவி உயர்வில் உங்களோடு போட்டி போட்டவருடையதாக இருக்கும். பெயரை மறைத்து அனுப்பினாலும் எந்த வார்டு என்று தெரிந்துவிடும். அப்போது பதிப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதி விலகிக்கொள்ளுங்கள். கட்டுரையாளர்களும், ‘மீளாய்வாளர்களைப் பரிந்துரையுங்கள்’ என்ற இடத்தில் தங்கள் மேற்பார்வையாளரின் பெயரைப் போடாமல் இருக்கலாம். சிரிக்காதீர்கள், போடுகிறார்கள்.

தமிழ்ப் பிரதியில் காணாமல் போகும் வரி

இதை யாரும் தவறுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வில் சேரும் நோயாளிக்கும் நிதி எங்கிருந்து வருகிறது, நலன் முரண் உண்டா என்று சொல்ல வேண்டும் என்கிறது. சம்மதப் படிவம் மூன்று மொழியில் தயாராகும். ஆங்கிலப் பிரதியில் அனுசரணையாளரின் பெயர் இருக்கும். ஒருமுறை என்னிடம் சரிபார்க்க வந்த தமிழ்ப் பிரதியில் அந்த வரியே இல்லை. கேட்டேன். “எங்கட ஆக்களுக்கு அது விளங்காது, பயந்திடுவினம்” என்றார் கொண்டுவந்தவர். கட்டணம் வேண்டாம், அந்த வரியைப் போட்டால்தான் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஏற்கெனவே வெளியான கட்டுரையில் ஏதாவது விடுபட்டுப் போயிருந்தால், பதிப்பாசிரியருக்கு நீங்களே எழுதுங்கள். ஒரு திருத்தக் குறிப்பு வரும். மற்றவர் கண்டுபிடித்து எழுதினால் வருவது வேறு வகைக் கடிதம்.

அந்தத் தம்பி அன்றிரவு, யார் டிக்கெட் எடுத்தது, முகவர் யார், தயாரிப்பாளர் யார், ஆய்வைத் திட்டமிட்டதிலோ எழுதியதிலோ அவர்களுக்குப் பங்கில்லை என்று நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். மறுநாள் காலையில் அவருடைய கொன்சல்டன்ட் போன் எடுத்திருக்கிறார். ஏச்சு விழும் என்று காத்திருந்தால், “நான் அந்தக் கம்பனிக்கு ரெண்டு லெக்சர் செய்தனான், அதையும் போடும்” என்றாராம். மதியத்துக்குள் மூன்றாவது கட்டுரையாளரும் ஒரு வரி அனுப்பினார். நான்கு வரி ஒரு பந்தியாகிவிட்டது. கட்டுரை பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மீளாய்வாளர்கள், ஆய்வில் சேர்த்த நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் சண்டை பிடித்திருந்தார்கள். அந்தப் பந்தியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.