பெருமையை ஒரே வரியில் எழுதி வையுங்கள்

ஒரு வேலை நன்றாக முடிந்ததும், அதற்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். "நான் கெட்டிக்காரன்" என்று வேண்டாம். "கணக்கை மறுபடி சரிபார்த்தேன்", "தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்டேன்" என்கிற மாதிரி இருக்கட்டும். அடுத்த கடினமான வேலையைத் தொடங்கத் தயங்கும்போது அதை எடுத்துப் படியுங்கள். தள்ளிப்போடுவது குறையும்.

காரணம் இருக்கிறது. உளவியலாளர்கள் ஜெசிகா டிரேசியும் ரிச்சர்ட் ராபின்ஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பெருமிதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: செய்த முயற்சியால் வருவது ஒன்று, 'நானே உசத்தி' என்ற நினைப்பால் வருவது இன்னொன்று. முயற்சியை மறுபடியும் செய்யலாம், அதனால் முதல் வகைதான் கைகொடுக்கும். இரண்டாவது, அடுத்த தோல்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும். 2008-இல் லிசா வில்லியம்ஸும் டேவிட் டிஸ்டெனோவும் நடத்திய சோதனைகளில், பெருமிதம் உணர்ந்தவர்கள் சலிப்பூட்டும் வேலையில்கூட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

அதிர்ஷ்டத்தால் அமைந்த வெற்றிக்கு இது சரிவராது. எழுத ஒன்றும் இருக்காது. குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். அப்புறம், தீராத மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இது சிகிச்சை ஆகாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.